சலவைப் பிரிவுக்கு வராத ஸ்வெட்டர்

சண்டை போட்டவன் கதையைக் கேட்க நாலு பேர் கூடுவார்கள். அவன் சட்டையைத் துவைத்தவன் கதையைக் கேட்க யார் வருவார்கள்? ஓய்வு பெற்று முப்பது வருடமாக ஒருத்தரும் வரவில்லை. அதனால் ராணுவத் தலைமையகத்திலிருந்து வரலாறு எழுதுகிற அம்மா வந்திருக்கிறார் என்று மகள் வந்து சொன்னபோது, "வீடு மாறி வந்திருப்பாங்க, பக்கத்துல கேக்கச் சொல்லு" என்று நுரை திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நுரை என்பது படையில் விழுந்த பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் அவர் நடமாடும் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். லாரியில் பாய்லர், அதன் பின்னால் இழுவை வண்டியில் ஆள் உயரத்துக்குச் சுழலும் டிரம். படை எங்கே போனாலும் பத்து மைல் பின்னால் இவர்களும் போவார்கள். ஆற்றங்கரையோ குட்டையோ கிடைத்த இடத்தில் குழாயை இறக்கி ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உருப்படி துவைப்பார்கள். லீவில் வீட்டுக்கு வந்தால் மச்சான் விடமாட்டான். "மாமா, எத்தனை எதிரியைத் தோய்ச்சு எடுத்தீங்க?" என்பான். முதல் வருடம் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது.

சோடா காரம் தின்ற விரலிடுக்குகள் இன்னும் ஆறவில்லை. ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி முதுகு ஒரு பக்கமாகவே வளைந்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் எங்கே உட்காரலாம் என்று கண் தேடும். எழுபத்தாறு வயதில் அவருக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம்தான்.

வந்த அம்மா வீடு மாறி வரவில்லை. தடித்த கோப்பு ஒன்றைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். துணைப் பிரிவுகளுக்கென்று ஒரு வரலாற்றுப் புத்தகம் வருகிறதாம். ரொட்டி சுட்ட பிரிவுக்கு நாலு பக்கம், தபால் பிரிவுக்கு ஆறு, சலவைக்கு ஒன்று.

"உங்க பிரிவுல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான் ஐயா. படிச்சுப் பார்த்து, எல்லாம் சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா அச்சுக்குப் போயிடும்."

மகள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் பாய்லர் ஓட்டியவன் பெயர் இருந்தது. வெந்நீர் கொட்டி வெந்துபோன இஸ்திரிக்காரன் பெயர் இருந்தது. இவர்கள் பெயரெல்லாம் அச்சில் வரும் என்று யார் நினைத்தது? நுரை பேனாவைக் கையில் வாங்கியும் விட்டார். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது.

"போர் முடியும் வரை இப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு துணிகூடத் தொலைந்ததில்லை."

அது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்போது அவருக்கு முப்பது வயது. துணிகளைப் பிரிப்பது அவர் வேலை. பருத்தி கொதிநீருக்கு, கம்பளி பச்சைத் தண்ணீருக்கு. சலவைக்காரனுக்கு இதுதான் அரிச்சுவடி. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து முந்நூறு பருத்திப் போர்வைகள் பேன் மொய்க்க வந்து இறங்கின. எல்லாவற்றையும் கொதிக்க வைக்கச் சொல்லி உத்தரவு. இரண்டு நாள் கண் மூடாத மனுஷன், பக்கத்திலிருந்த மூட்டையையும் சேர்த்து டிரம்முக்குள் தள்ளிவிட்டார். அதற்குள், அன்று காலையில் அவரே பிரித்துப் பார்த்துப் பதிந்து வைத்த, பீரங்கிக்காரர் ஒருவரின் ஸ்வெட்டர் இருந்தது. கையால் பின்னியது, நீல நிறம். வெளியே வந்தபோது ஐந்து வயசுப் பிள்ளைக்குத்தான் போடலாம் போலச் சுருங்கிக் கிடந்தது.

பக்கத்துப் பிரிவில் ஒரு போர்வை தொலைந்ததற்காக ஒருவனின் பதவியையே பறித்திருந்தார்கள். நுரை பயந்துபோனார். பதிவேட்டில் ஸ்வெட்டர் வந்த வரியை அடித்துவிட்டு, அதைத் தன் பெட்டிக்குள் அடியில் ஒளித்தார். நாலு நாளில் அந்தப் பீரங்கிக்காரர் குண்டு விழுந்து செத்துப்போனார். கேட்க ஆளில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்து அவர் நாற்பத்தாறு வருடம் கூனிக் குறுகியிருக்கிறார்.

மாதம் ஒன்று போனதும் அந்தப் பீரங்கிக்காரரின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய சாமான்களில் ஸ்வெட்டர் இல்லை, சலவைக்குப் போயிருக்குமா என்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று பதில் எழுதும் வேலை நுரையிடமே வந்தது. "அப்படியொரு உடை எங்கள் பிரிவுக்கு வரவே இல்லை." மறுபடியும் கடிதம். மறுபடியும் அதே பதில்.

ஸ்வெட்டரைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி பெட்டியைக் குடைந்து அதை எடுத்துவிட்டாள். "யார் பிள்ளையோடது இது?" என்றாள். அவர் அதைப் பிடுங்கித் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். எட்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எங்கேயோ இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற சந்தேகம் அவள் சாகிறவரை முழுசாகப் போகவில்லை. துவைத்துத் துவைத்தே வாழ்ந்தவருக்கு இந்த ஒன்றை மட்டும் வெளுக்கத் தெரியவில்லை.

பேனா நின்றுவிட்டதைப் பார்த்து, அவருக்கு ஞாபகம் வரவில்லை போல என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். "நீங்க யோசிக்கவே வேணாம் ஐயா. ஆதாரம் இருக்கு. மொத்தமே ஒரு புகார்தான், அதுக்கும் வரவே இல்லைன்னு பதில் போயிருக்கு. உங்க கையெழுத்துதான்" என்று கோப்பைப் பிரித்து நீட்டினார். "மூணாவது கடிதம் மட்டும் போர் முடிஞ்சு உங்க பிரிவை வேற ஊருக்கு மாத்தினதுக்கப்புறம் வந்திருக்கு. யாரும் பதில் போடலை."

மூன்றாவது கடிதமா? நுரை அதைப் பார்த்ததே இல்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"ஐயா, இனி தொந்தரவு செய்யமாட்டேன். அது நான் முதல்முதலாகப் பின்னியது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அவர் பார்த்துச் சிரித்துவிட்டார். பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள் என்று கோபமாகச் சொல்லித்தான் அனுப்பினேன். போட்டிருந்தால் அழுக்காகியிருக்கும், உங்களிடம் வந்திருக்கும். வரவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அவர் அதைப் போடவே இல்லை என்று புரிந்துகொண்டேன்."

நுரை இரண்டு தரம் படித்தார். இத்தனை வருடமும் ஒரு ஸ்வெட்டரைக் கெடுத்ததாகத்தான் நினைத்திருந்தார்.

"அந்தப் பெட்டியைக் கொண்டாம்மா" என்றார் மகளிடம். அடியில் கைவிட்டு எடுத்து, அந்த நீலத் துண்டைக் கோப்பின்மேல் வைத்தார். சுருங்கியும் ஒரு கை நீளமாகவே இருந்தது.

"வந்துதும்மா. கெடுத்ததும் நான்தான், பொய் எழுதினதும் நான்தான்."

அந்த அம்மா அந்தக் கடைசி வரியைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்காக உங்க பக்கத்தையே எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க ஐயா."

பாய்லர்க்காரன் நினைவுக்கு வந்தான். இஸ்திரிக்காரன் வந்தான். "அவனுங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்தப் பொண்ணு இருக்காளா, பாருங்க" என்றார் நுரை.

அந்தப் பொண்ணுக்கு இப்போது எழுபது வயது இருக்கும். விதவை ஓய்வூதியக் கோப்பில் எண் கிடைத்தது. மறுநாள் காலையில் அந்த அம்மாவே விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லித் தொலைபேசியை அவர் கையில் கொடுத்தார்.

நுரை எதையும் மறைக்காமல் சொன்னார். போர்வை, டிரம், பயம், இரண்டு பொய்க் கடிதம். சொல்லி முடித்துவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தார். என்ன திட்டினாலும் தகும் என்றுதான் இருந்தார்.

"சுருங்கினது கெடக்கட்டும்" என்றது வயசான குரல். "உங்ககிட்ட வரும்போது எப்படி இருந்துது?"

நுரை கண்ணை மூடிக்கொண்டார். துணிதானே அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை.

"ரொம்ப அழுக்கா இருந்துதும்மா. காலர்ல பிசுக்கு ஏறிக் கறுத்துப்போயிருந்தது. நெஞ்சுல பீரங்கி எண்ணெய்க் கறை. ரெண்டு முழங்கையும் தேஞ்சு, வலது கையில அவரே கோணல்மாணலாத் தையல் போட்டிருந்தாரு. குட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டிருப்பாரு போல, நுனி தொளதொளன்னு இருந்தது. மாசக்கணக்கா கழட்டாமப் போட்டாத்தாம்மா ஒரு துணி அப்படி ஆகும்."



"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றது குரல்.

நுரை நிமிர்ந்து உட்கார்ந்து, காலரிலிருந்து ஆரம்பித்து, அழுக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார்.