கீழே பூட்டிய இரும்பு

கிழக்கே அணு உலை வெடித்து, அங்கிருந்து வந்த மழையில் விஷம் இருக்கிறது, சலாது இலை சாப்பிடாதீர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் பால் குடிக்காதீர்கள் என்று ரேடியோவில் சொன்ன வருசம் அது. எங்கள் வீட்டுக்கார அம்மா தோட்டத்துச் சலாதை எல்லாம் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார். ஒரு பூச்சிகூட அரிக்காத, பச்சைப்பசேல் என்ற இலை. அதில் என்ன இருக்கிறது என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததற்குப் பயப்பட நான் பழகியது அப்போதுதான்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டு வந்து, வின்டர்தூர் என்ற வெளிநாட்டு நகரத்துக்கு வெளியே, மேட்டில் இருந்த ஒரு பண்ணை வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். நான், என் மனைவி, பக்கத்து அறையில் ஒரு அண்ணை. அவருக்கு நகரசபை பழைய பொருட்களைக் கொண்டுவந்து போடும் முற்றத்தில் வேலை. எனக்கு ஒரு உணவகத்தில் சட்டி கழுவும் வேலை. ஊரில் லொறிக் கராஜில் நின்றவன் என்பதால் வெல்டிங் கைக்கு வரும். எழுத்துத்தான் வராது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்.

மனைவிக்கு வயிற்றில் பிள்ளை. முதல் பிள்ளையை ஊரில் இழந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன வாடகைக் கார் வழியில் நின்றுவிட்டது. அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஆனால் இந்த முறை அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்புலன்ஸ் வரும், டாக்சி வரும் எண்டு சொல்லாதேங்கோ. வாகனம் எங்கடை வாசலிலை நிக்கவேணும்."

அதனால்தான் அந்தப் பழைய பச்சைக் கார். கியர்பொக்ஸ் உடைந்தது என்று யாரோ கைவிட்டது. பழைய கார்கள் உடைக்கும் இடத்தில் வேறொரு கியர்பொக்ஸ் எடுத்தேன். எஞ்சினோடு பொருந்தியது, ஆனால் பழையதைவிட ஒரு சாண் நீளம் கூட. கியர்பொக்ஸின் பின்பக்கத்தைத் தாங்க, காரின் அடியில் குறுக்காக ஒரு சட்டம் இருக்கும். நீளம் கூடியதால் இதன் கால் அந்தச் சட்டத்தில் உட்காரவில்லை. புதிய சட்டம் நானே செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கியர்பொக்ஸ் அந்தரத்தில் தொங்கும்.

அது பனிமூட்டம் இறங்கிக் கிடந்த மாதம். பகலிலும் கார் நின்ற கொட்டிலில் இருந்து வீடு தெரியாது. மாட்டு மணிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். நான் காருக்கு அடியில் படுத்து, வாழைப்பழப் பெட்டி மட்டையை வெட்டி அளவு எடுத்தேன். ஓட்டை வரவேண்டிய இடங்களைக் கரியால் குறித்தேன். அண்ணை முற்றத்துக் கழிவு இரும்புக் குவியலில் இருந்து ஒரு பட்டை இரும்பு தூக்கி வந்தார். விரல் தடிப்பு, கறுப்புத் தார் பூசியது.

மட்டையை அதன்மேல் வைத்தேன். நீளம் சரி. இரண்டு முனையிலும் முன்பே ஓட்டைகள் இருந்தன. என் கரிக்குறிகள் அந்த ஓட்டைகளின்மேல் போய் உட்கார்ந்தன.

"அண்ணை, அளவு குடுத்துச் செய்விச்சனீங்களோ?"

"போடா, கையிலை பட்டதை எடுத்தனான்."

நடுவில் கியர்பொக்ஸ் கால் வரும் இடத்தில், தாருக்கு அடியில் சின்னச் சிலுவைபோல ஒரு கீறல். துளைபோடும் இடத்தைக் குறிக்க நாங்களும் அப்படித்தான் கீறுவோம். எனக்காக யாரோ முன்கூட்டியே குறித்து வைத்ததுபோல இருந்தது. அதிலேயே துளைத்தேன். வீட்டுக்கார அம்மாவின் வெல்டிங் மெசினால் அடியில் ஒரு கோண இரும்பை ஒட்டி வலுவாக்கினேன். பூட்டினேன். ஒரு தட்டுக்கூடத் தட்ட வேண்டி வரவில்லை.

அடுத்த நாள் துருப்பிடிக்காமல் இருக்க மை பூசுவதற்காகக் கீழே படுத்து, கம்பித் தூரிகையால் தாரை உரஞ்சினேன். எழுத்துகள் வந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு எண்கள், என் போல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே எண். தொழிற்சாலை இலக்கம் என்று நினைத்தேன்.

முட்டை கொண்டு வந்த வீட்டுக்கார அம்மா குனிந்து பார்த்தார். எழுபது வயது மனுசி, ஈரத் தரையில் முழங்கால் ஊன்றினார். எழுத்துகளை விரலால் தடவி ஒரு பெயரை வாசித்தார். பிறகு, எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னார். அது கல்லறையில் பெயர் வெட்டிப் பதித்த இரும்பு. இங்கே கொஞ்ச வருசம் கழிந்ததும் பழைய கல்லறைகளைக் கிளறி எடுத்துவிடுவார்கள். கல் ஒரு பக்கம் போகும், இரும்பு நகரசபை முற்றத்துக்குப் போகும். இது ஒரு பிள்ளையினுடையது. பிறந்த வருசமும் இறந்த வருசமும் ஒன்று.

அண்ணை தலையில் கை வைத்தார்.

"பிள்ளைத்தாய்ச்சியின்ரை புருசன் சுடலைப் பக்கமே போகக்கூடாது. நீயெண்டால் சுடலையைக் காருக்கு அடியிலை பூட்டி வைச்சிருக்கிறாய்!"

"கொண்டு வந்தது ஆர்?"

"நான் இரும்பெண்டுதானே கொண்டு வந்தனான்! கழட்டடா!"

நான் போல்ட் கழற்றும் சாவியை எடுத்தேன். வீட்டுக்கார அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். குளிர்ந்த கை.

"இந்தப் பிள்ளை ஒரு இடமும் போய்ப் பார்த்ததில்லை. போகட்டும்," என்றார்.

சாவியைப் பிடித்தபடி படுத்திருந்தேன். அப்போது பனிமூட்டத்துக்குள் படியிறங்கும் சத்தம் கேட்டது. மனைவி பையோடு வந்து நின்றாள். கால் நனைந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. கார் ஓடுமோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அந்தச் சாவியைக் கீழே வைத்தேன்.

"ஓடும்."

புறப்பட்டபோது வீட்டுக்கார அம்மா கையசைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அல்ல. காரின் சில்லுகளுக்கு நடுவே, தாழப் பார்த்து.

மேட்டில் இருந்து இறங்கும்போது அந்தச் சத்தம் தொடங்கியது. காலுக்கு அடியில் மெல்லிய இழுப்பு. வேகம் கூடினால் இரைச்சலும் கூடும், அதுதான் இயந்திரத்தின் குணம். இது மாறி நடந்தது. நான் வேகம் குறைத்தால் சத்தம் ஏறியது. வேகம் எடுத்தால் அடங்கியது.

"ஆரோ பிள்ளை அழுகுது," என்றாள் மனைவி.

"கியர்பொக்ஸ்."

"கியர்பொக்ஸ் மூச்சு விட்டு விட்டு அழுமோ?"

நான் பனிமூட்டத்துக்குள் தெருவைத் தேடினேன். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான், தெரு இல்லை. ஒரு வளைவில் கிட்டத்தட்ட நிறுத்தினேன். சத்தம் வீரிட்டது. அவள் என் தோளை இறுக்கினாள்.

"நிப்பாட்டாதேங்கோ. அதுக்கு நிக்க விருப்பமில்லை."

நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்ததும் சத்தமே இல்லை. தாதி முதுகில் தட்டினார், திருப்பித் தட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அழுதாள். மெல்லிய இழுப்பு, விட்டு விட்டு. மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது கார் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாளும் திறக்கவில்லை. "கியர்பொக்ஸ் காலிலை இருக்கிற ரப்பர் படிஞ்சிருக்கும்," என்றார் அண்ணை. ஆனால் அவர் கடைசிவரை அந்தக் காரில் ஏறவில்லை. மழையிலும் பஸ்ஸுக்குத்தான் நடந்தார்.

சில வருசம் கழித்து வாகனப் பரிசோதனையில் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் செய்த சட்டத்தை ஏற்கமாட்டோம் என்றார்கள். பழைய கார்களைக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் ஒருவர் வந்து வாங்கினார். இரும்பைக் கழற்றட்டுமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அப்போது அவர் படுக்கையில்.

"கப்பலிலா? கடலைப் பார்க்குமா?" என்று கேட்டார்.

பார்க்கும் என்றேன். கழற்றவில்லை.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது ஆப்பிரிக்காப் பக்கம் போனால், பழைய பச்சைக் கார் ஒன்றைக் கண்டால், குனிந்து பாருங்கள். விரல் தடிப்பு இரும்பு, நடுவில் பெரிய போல்ட், இரண்டு பக்கமும் ஒரே எண். வைத்திருக்கிறவரிடம் சொல்லுங்கள், கார் பழுதாகி நின்றாலும் அந்த இரும்பைக் குவியலில் எறிய வேண்டாம், ஓடுகிற வேறொரு வண்டியில் பூட்டிவிடட்டும். நீங்கள் போகாவிட்டால், போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.