சுவரைப் பார்த்து ஒரு ஆராதனை

பெரும்பாறையில் பஸ் நிற்கிறது. டயர் மாற்ற நேரமாகும் என்கிறார் டிரைவர். காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. பாட்டுச் சத்தம் கேட்டு இறங்கிப் போகிறேன். காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் லயம். ஒரே சுவரைப் பங்கிட்டு ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒன்றில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் பக்கத்துச் சுவரையே பார்க்கிறார்கள். அங்கே சிலுவையோ படமோ இல்லை, ஈரம் பூத்த சுண்ணாம்புதான்.

நானும் பாயின் ஓரத்தில் உட்காருகிறேன். பாட்டு முடிந்ததும் வீட்டுக்கார மேரியக்காவிடம் காரணம் கேட்கிறேன்.

"அந்தப் பக்கம் என் மக வீடுங்க. விரும்பித்தான் கட்டிக்கிட்டா. இங்க வரக்கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாப்ல. அதான் அவ பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிறோம். ஜெபம் முடியவும் அவ சுவத்தைத் தட்டுவா. அப்பறந்தான் ஆமென் சொல்லுவோம்."

ஜெபம் முடிகிறது. சுவருக்கு அப்பால் டிவி அலறுகிறது. வேறு சத்தம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மேரியக்கா சுவரில் உள்ளங்கையை வைக்கிறார்.

ரோட்டில் என் பஸ் ஹாரன் அடிக்கிறது. யாரும் இன்னும் ஆமென் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.