தேமல் என்று எழுதிய கடுதாசி

இந்த லண்டனில் கை வீங்கினால் சந்தோஷப்படுகிறார்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் தொழுநோயாளிகளுக்கு அந்த நோயின் செத்த கிருமி கலந்த ஓர் ஊசி போட்டு, மூன்று நாலு வாரம் கழித்துக் கையைப் பார்ப்பார்கள். போட்ட இடம் தடித்திருந்தால் டாக்டர் முகம் மலரும். முதல் தடவை ஒரு கை வழவழவென்று இருப்பதைக் கண்டு, "நத்திங் சார், வெரி குட்" என்று பல்லைக் காட்டினேன். அம்மை குத்திய இடம் வீங்காவிட்டால் துள்ளிக் குதித்த எங்கள் ஊர் அன்னவாசல் பள்ளிக்கூடத்துப் புத்தி, வேறென்ன? டாக்டர் சிரிக்கவில்லை. "நோ. நத்திங் இஸ் த வொர்ஸ்ட்" என்றார்.

பிறகு உட்கார வைத்து விளக்கினார். கிருமி உள்ளே வந்தால் உடம்பின் காவல் அணுக்கள் திரண்டு வந்து சண்டை போட வேண்டும். அந்தச் சண்டைதான் தடிப்பு. இந்தக் கிருமியோ தன்னிடமுள்ள ஏதோ ஒரு பொருளால், ஒருவேளை ஒரு புரதத்தால், அவற்றை அடக்கி வைத்துவிடுகிறதாம். எந்தப் புரதம் என்று அவருக்கும் தெரியவில்லை. எதிர்ப்பே இல்லாமல் கிருமி பெருகும், நரம்பு செத்துப்போவதால் வலியும் தெரியாது என்றார். எனக்கு அக்காவின் கை ஞாபகம் வந்தது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில், என் கூடப்பிறந்த செல்லாயி அக்கா கொதிக்கிற பால் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள்.

"சுடலையாக்கா?"

"பழகுன கைதானடா."

அவள் முழங்கையில் வெளிறிய படை ஒன்று இருந்தது. கேட்டதற்கு, "தேமலு தம்பி. வலிச்சாத்தான பயப்படணும்?" என்று சீலையை இழுத்து மூடினாள். நானும் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினேன். மடையன்!

இதற்கு இப்போது மாத்திரை இருக்கிறது. திருச்சிக்குப் போனால் கிடைக்கும். எழுத வேண்டியதுதானே என்பீர்கள். அக்காவுக்கும் மாமாவுக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் தெருவில் சீமைக் கடுதாசி வந்தால் தபால்காரரே உரக்கப் படிப்பார், அக்கம்பக்கத்தார் கூடிநின்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், யாரைக் குறை சொல்ல? ஆனால் அந்த நோயின் பெயரை அவர் படித்த மறுநாளே, கீரனூரில் பேசி முடித்திருக்கும் அக்கா மகளின் கல்யாணம் நின்றுபோகும். ஆள் விட்டுச் சொல்லலாமென்றால், அந்த ஆளின் வாய்க்கு யார் பொறுப்பு? "முழங்கைத் தேமலைத் திருச்சியில் காட்டு, அவசரம்" என்று மட்டும் மூன்று கடுதாசி எழுதினேன்.

நேற்றுப் பதில் வந்தது. தபால்காரரின் கையெழுத்தில் அக்காவின் பேச்சு:

"தம்பி, தேமலுக்குப் போயி யாராச்சும் திருச்சிக்குப் பஸ்ஸேறுவாகளா? நீ எழுதுனதக் கேட்டுத் தெருவே சிரிக்குது. இப்ப ரெண்டு கையிலயும் இருக்கு. வலிக்கல, அரிக்கல, ஒண்ணும் செய்யல. நீ ஒடம்பப் பாத்துக்க. கல்யாணத்துக்கு வந்துரு."

எனக்கு லீவு கிடையாது. கப்பலுக்குக் காசும் கிடையாது.

போன மாதம் லேபில் சோதனைக்காக எனக்கும் அந்த ஊசியைப் போட்டிருந்தார்கள். இன்று காலை பார்த்தால் தடித்துச் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. டாக்டர் தோளில் தட்டி "குட், வெரி குட்" என்றார். நான் தலையாட்டினேன். ஒரே ஆத்தா பெற்ற கைகள்தான் இவை. வலிக்க வேண்டிய கை அங்கே அடுப்படியில் வலிக்காமல் இருக்கிறது. என் கைதான் இங்கே கிடந்து வலிக்கிறது.