பெரியப்பாவின் ஒப்பெல்

பின் சீற்றின் உறையைக் கிழித்ததும் உள்ளே அடைத்திருந்த பழைய தென்னந்தும்பின் மணம் எழுந்தது. துருப்பிடித்துக் கிடந்த இந்த ஜேர்மன் ஒப்பெல் காரைப் பெரியப்பாவின் மகனிடம் வாங்கி, இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானே திருத்துகிறேன்.

எட்டு வயதில் அந்த மணத்தை எட்ட நின்றுதான் முகர்ந்தேன். வெள்ளிதோறும் பெரியப்பா காரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, கதவுகளைத் திறந்து காயவிடுவார். பிள்ளைகள் நாங்கள் கிட்டப் போனால் அடிக்கச் செருப்பைக் கழற்றுவார்.

அந்த வருடம் நீர்வேலி வாழைத்தோட்டத்தில் அம்மாவின் காலில் மண்வெட்டி இறங்கியது. சேலையால் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினார். பெரியப்பா கேற்றை முழுதாகக்கூடத் திறக்கவில்லை.

“சீற்றிலை இரத்தம் பட்டால் போகாது. ட்ரக்டரிலை கொண்டுபோ.”

ட்ரக்டர் பெட்டியில் அம்மாவின் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் கத்தினாள். உயிர் தப்பிவிட்டாள். ஆனால் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

சீற்று உறையைக் கிழித்த அன்று பின்னேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் கேட்டுப் பெரியப்பா பொல்லூன்றி வந்து, முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

“பிள்ளை, ஒருக்கால் சந்திமட்டும் ஓடு பாப்பம்.”

“இறங்குங்கோ.”

“என்ரை கார்தானே...”

“இறங்கச் சொன்னனான்!”

கதவைப் பிடித்து இறங்கினார். அம்மா அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

“வயசு போன மனிசன், கத்தாதை பிள்ளை” என்றாள்.

அவர் குடித்து முடிக்கும்வரை நான் காரின் பொனற்றுக்குள் என்ஜின்மேல் குனிந்தபடியே நின்றேன். அன்றிரவு படுக்கும்வரை அம்மாவோடும் கதைக்கவில்லை.