கையில் கரி இருக்கும்போது சொன்னது

நெய்வேலிப் பக்கத்து வடக்குத்து ஊர்ப் பெரியண்ணன் மகள் வெண்மதி அதிகம் பேசமாட்டாள். இருபது வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்டிலேயே காலம் தள்ளுகிற அப்பா, அவள் பி.எஸ்சி. முடித்ததும் அதே கான்ட்ராக்டர் ஆபீசில் உட்கார வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அவளுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கேட்டது கல்லூரியின் சர்வசமய வட்டம். வியாழன்தோறும் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து சாமியைப் பற்றியும் போகப்போகிற வேலையைப் பற்றியும் மனம்விட்டுப் பேசுவார்கள். முதல் நாளே சண்டை. குத்துவிளக்கு ஏற்றலாம் என்றால் ஒரு பக்கம் முகம் சுளித்தது, மெழுகுவர்த்தி என்றால் இன்னொரு பக்கம். பேராசிரியர் ஜெயராமன் தலையில் அடித்துக்கொண்டு, தன் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்த பழுப்பு நிலக்கரிக் கட்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தார். எந்தச் சாமியும் உரிமை கொண்டாடாத பொருள் நெய்வேலியில் அது ஒன்றுதான் போலும். கட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். கேட்டது அறையைத் தாண்டக் கூடாது.

ஞாயிறு காலையில் வட்டம் ஆஸ்பத்திரிக்குப் போகும். துணைக்கு ஆளில்லாத நோயாளி பக்கத்தில் இருந்து, அவர் கேட்பதை வாசித்துக் காட்ட வேண்டும். வெண்மதிக்கு வாய்த்தவர் சேத்தியாத்தோப்புத் தையல்காரர் கமாலுதீன் பாய். நான்காவது ஞாயிறு அவருக்கு மூச்சு இழுத்தது. மகன் சவூதியில். அவளுக்கு ஓதத் தெரியாது. போனில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுவதைத் தேடிப்பிடித்து அவர் காதோரம் வைத்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றினாள். அவர் அவளிடம் ஒன்று சொன்னார். சொல்லி முடித்து, "இது ஒன்னோட இருக்கட்டும்மா" என்றார். சற்று நேரத்தில் இறந்துபோனார்.

அந்த வியாழன், கரிக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே இதையெல்லாம் சொன்னாள். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. "எனக்கு இந்த வேலதாங்க வேணும்" என்று முடித்தாள். ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதவள் இசைப்பிரியா. சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை உள்ளவர் வீட்டுப் பெண், கம்பெனி குவார்ட்டர்ஸ்காரி, வெண்மதியின் ஒரே தோழி.

மார்கழியில் ஓர் அறக்கட்டளை, கடைசிக்கால நோயாளிகளுக்குத் துணையிருக்கும் பயிற்சிக்குக் கல்லூரிக்கு ஓர் இடம் என்று அறிவித்தது. ஒரு வருடம், உதவித்தொகையோடு. அது கிடைத்தால் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து தப்பிக்கலாம். பேர்வரிசைப்படி இசைப்பிரியா முதலில் உள்ளே போனாள். வெண்மதி கடைசி.

வெண்மதி பாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே நேர்காணல் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, பஞ்சு, யாசீன், சவூதி மகன்... இதையெல்லாம் முதல்ல வந்த இசைப்பிரியா சொல்லிட்டுப் போனாங்களே. அவங்ககிட்ட கேட்டதா?"

"நான்தாங்க கூட இருந்தேன்."

"அப்படின்னா கடைசியா என்ன சொன்னார்? அந்தப் பொண்ணு, 'நல்லா இரும்மா'ன்னு சொன்னதா சொல்றாங்க."

பாய் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது வேறு. அதைச் சொல்லி, அதில் வரும் ஊர்பேரை அவர்கள் விசாரித்தால், யார் பொய்க்காரி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"அது அவரு எங்கிட்ட குடுத்ததுங்க. சொல்ல முடியாதுங்க."

கேள்வி கேட்ட அம்மாள் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் இசைப்பிரியா நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. சிரித்துக்கொண்டல்லவா இருந்தாள்!

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நீயும் பாய் கதையேவா சொன்ன? உள்ள போனா உனக்குப் பேச்சே வராதுன்னு நெனச்சேன்டி. அது யாருக்கும் தெரியாம போறதுக்கு, நானாச்சும் சொல்லலாமேன்னு..."

"ஒன்ன நம்பித்தானே அன்னிக்கு அழுதுகினு கெடந்தேன்" என்றாள் வெண்மதி. அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லைதான்.

அடுத்த வியாழன், இடம் கிடைத்த இசைப்பிரியாவுக்குக் கைதட்டல். கரிக்கட்டி சுற்றிக்கொண்டு வெண்மதியிடம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

அடுத்து உட்கார்ந்திருந்தவள் இசைப்பிரியா. கை நீட்டினாள். வெண்மதி கட்டியை அந்தக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது கான்ட்ராக்டர் ஆபீசில்தான் இருக்கிறாள். ஞாயிறு காலையில் மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறாள். அங்கே கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை.