எட்டு நொடித் தாமதம்

மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் அலுவலகம், ரத்தப் பரிசோதனை முடிவுகளை லேபிலிருந்து டாக்டர்களுக்கு அனுப்பும் மென்பொருளைச் செய்கிறது. தகவலைப் பொதிந்து ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஒரு லைப்ரரி உண்டு, யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல். பத்து வருஷம் நான் கட்டி அழுத பழைய லைப்ரரியை, வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு அம்மா, சேர்ந்த இரண்டாம் மாதமே தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாராவிக் குடிசையில் வளர்ந்த இவனுக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான் அவருக்கு என்று நானே முடிவுகட்டினேன்.

புதியதை நான் நம்பவில்லை. அவரையும்தான். என்றைக்காவது தகவல் தொலைந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்று, போகிற வருகிற ஒவ்வொரு தகவலையும் முழுதாக ஒரு ஃபைலில் எழுதிவைக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு நாளில் எடுத்துவிடலாம் என்றிருந்தவன் மறந்தே போனேன்.

மழை வந்தது, ஊரெல்லாம் காய்ச்சல். ரிப்போர்ட்டுகள் குவிந்தன. முன்பு கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்த ரிப்போர்ட், இப்போது ஒவ்வொன்றும் எட்டு நொடி எடுத்தது. டாக்டர்கள் போனில் கத்தினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த அம்மாவுக்கு வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டிலிருந்துவிட்டுத் தேடிப் பிடித்த வேலை அது.

"என்னம்மா, ஒங்க புது லைப்ரரி தூங்குதோ?" என்றேன் டீ குடிக்கும்போது.

"எனக்கு ஒண்ணுமே புரியலண்ணா. நீங்க ஒரு தடவை பாத்தேள்னா தேவலை."

நடிப்பு என்று தோன்றியது. எதையோ மறைக்கிறார். அதைக் கண்டுபிடிக்கவே வியாழக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன். லைப்ரரிக்கு அரை நொடிகூட ஆகவில்லை. மிச்சமெல்லாம் ஃபைலில் எழுதுவதற்கே போனது. ஒன்றை எழுதி முடிக்கும்வரை மற்றவையெல்லாம் வரிசையில் நின்றன. அடப்பாவி, என் வரி!

சத்தமில்லாமல் அழித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் செய்தாலும் பழி அவர் தலையில்தான் நிற்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேனேஜர் அறைக்குப் போனேன். அந்த அம்மாவும் அங்கே இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மகர் க்யோ டாலா?" என்றார் மேனேஜர். ஏன் போட்டாய் என்று கேட்கிறார். இந்தியில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் அந்த அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"ஒங்க மேல நம்பிக்கை இல்லாமத்தான் போட்டேம்மா."

"தெரியும்ணா," என்றார் அவர். "நான் சேர்ந்த அன்னிக்கே தெரியும்."