இடுப்பில் இருந்த ஆணி

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆபரேஷன் செய்து திருகாணி போட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள், எதற்கும் பயப்படுகிறவள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், ஏற்றுமதிக்குப் போகும் துணிக்குள் உடைந்த ஊசி கிடந்தால் கத்துகிற மெஷினில் எனக்கு வேலை. என் இடுப்பில் இருக்கும் ஆணிக்கும் அது கத்திவிடுமோ என்று எட்ட நின்றே துணியைத் தள்ளுவேன்.

“ஏனுங்கக்கா, உங்களையுமா பெட்டியில போட்டு எக்ஸ்போர்ட் பண்றாங்க?” என்று பக்கத்தில் நிற்கும் செல்வி சிரிப்பாள்.

அடுத்த வருடம் தொடை இடுக்கில் வலித்தது. ஆணி துருப்பிடித்துவிட்டது என்று நடுங்கிக்கொண்டே டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

“ஆணி நல்லா இருக்குதுங்கம்மா. அடிபட்டப்ப ரத்த ஓட்டம் கெட்டதுல, இடுப்பு மூட்டுல பந்து மாதிரி இருக்கற எலும்புதான் செத்துப்போச்சு. செயற்கை மூட்டு வெக்கோணும்.”

“எனக்கென்னங்க சார் அப்படி வயசாச்சு?”

“வயசானவங்களா இருந்தா விழுந்த அன்னைக்கே மூட்டை மாத்தியிருப்போம். சின்ன வயசுங்கறதாலதான் சொந்த எலும்பைக் காப்பாத்தப் பார்த்தோம்.”

இரும்புக்கே பயந்துகொண்டிருந்த நான், உயிரோடு இருக்கும்போதே எலும்பு சாகும் என்று நினைத்ததே இல்லை. மறுநாள், வலித்த இடுப்பை முதல்முறையாக அந்த மெஷின்மேல் சாய்த்து நின்றேன். அது கத்தவே இல்லை.